கவச எஃகும் நிரப்பு உலோகமும்: ஓர் ஐப்பசி நாட்குறிப்பு

அக்டோபர் 21, 2024

மழை விட்ட இடைவெளியில் இன்று தகடுகளை வெட்டி, ஓரங்களைச் சாய்த்து முடித்தோம். டாங்கியின் உடற்கூட்டுக்கு ஆகும், விரைந்து குளிர்வித்துப் பதப்படுத்திய எஃகு இது. கார்பன் ஏறத்தாழ 0.3 விழுக்காடு, உடன் நிக்கல், குரோமியம், மாலிப்டினம். குண்டைத் தாங்கும் கடினத்தைத் தருவது இந்தச் சேர்மானம்தான். பற்றவைக்கும்போது தொல்லை கொடுப்பதும் அதுவே. உருகிய பகுதியை ஒட்டி, உருகாமல் சூடு மட்டும் ஏறிய விளிம்பு விரைவாகக் குளிர்ந்து மார்ட்டென்சைட் என்ற, நொறுங்கக்கூடிய கடினமான படிக அமைப்பாகிறது. மின்வில்லின் வழியே புகுந்த ஹைட்ரஜனும், சுருங்கும் உலோகத்தின் இழுப்பும் அங்கே கூடினால் விரிசல் விழுகிறது.

அக்டோபர் 22

இந்தத் தகட்டுக்கு எது பொருந்தும் என்று ஒப்பிட இரண்டு எலக்ட்ரோடுகளை, அதாவது உருகி இணைப்பை நிரப்பும் பற்றவைப்புக் குச்சிகளை, எடுத்துக்கொண்டோம். ஒன்று 307 வகைத் துருவேறா எஃகு. அதன் இழுவலிமைக்குத் தர நிர்ணயம் கேட்பது குறைந்தது 590 மெகாபாஸ்கல். மற்றொன்று 11018-எம் என்ற தாழ் ஹைட்ரஜன் ஃபெரைட் வகை: ஹைட்ரஜனைக் குறைவாகவே விடும் பூச்சுடைய, துருவேறா வகையைச் சேராத எஃகு. பெயரின் தொடக்கத்திலுள்ள 110 என்பது சதுர அங்குலத்துக்கு 110 ஆயிரம் பவுண்டு, அதாவது 760 மெகாபாஸ்கல். தகட்டின் வலிமை இரண்டையும் விட அதிகம்.

வலிமை குறைந்த 307-ஐ ஏன் கவசத்துக்குத் தேர்ந்தார்கள் என்பதற்கு விடை, ஆஸ்டெனைட் எனப்படும் அதன் படிக அமைப்பில் இருக்கிறது. அது ஹைட்ரஜனை நிறையக் கரைத்துத் தன்னுள் வைத்துக்கொள்கிறது, மிக மெதுவாகவே நகரவிடுகிறது. ஆகவே கடினமான விளிம்புக்குப் போய்ச் சேர்வது கொஞ்சம்தான். மென்மையாகவும் இருப்பதால் சுருக்கத்தின் இழுப்பைத் தானே நீண்டு வாங்கிக்கொள்கிறது. ஃபெரைட் வகைக்கு இந்தப் பெருந்தன்மை கிடையாது.

அக்டோபர் 25

ஃபெரைட் இணைப்புகளுக்குத் தகட்டை முன்சூடேற்றிப் பற்றவைத்தோம். வெல்டர் அண்ணன் எலக்ட்ரோடுகளை, ஈரம் ஏறாமல் காக்கும் அடுப்பிலிருந்து நான்கு நான்காகத்தான் எடுத்தார். “சார், இந்த ஈரக் காத்துல ராடு வெளிய கிடந்தா நான் பொறுப்பில்ல” என்றார். கடைசித் துண்டுக்கு மட்டும், மதிய உணவு நேரத்தில் மேசைமேல் விட்டுப்போன எலக்ட்ரோடுகளை எடுத்துவிட்டோம், என் கவனக்குறைவு. மாலையில் எல்லாத் துண்டுகளும் ஒரே மாதிரிதான் தெரிந்தன.

அக்டோபர் 28

48 மணி நேரம் காத்திருந்த பிறகே சோதிக்க வேண்டும் என்ற விதியைச் சடங்காக நினைத்திருந்தேன். அந்தக் கடைசித் துண்டில், பற்றவைப்பு தகட்டைச் சந்திக்கும் ஓரத்தை ஒட்டி, விரிசலைச் சாயம் ஊறவைத்துக் காட்டும் சோதனையில் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று எழுந்தது. மற்றவை சுத்தமாக இருந்தன. எலக்ட்ரோடின் மேற்பூச்சு உறிஞ்சிய ஈரம் மின்வில்லில் பிரிந்து ஹைட்ரஜனாகி, குளிர்ந்த பிறகும் மெல்ல நகர்ந்துகொண்டிருந்திருக்கிறது.

அக்டோபர் 30

இழுவைச் சோதனை. துருவேறா எஃகு இணைப்புகள் நிரப்பு உலோகத்திலேயே கழுத்துச் சிறுத்து, நன்றாக நீண்டு அறுந்தன. ஃபெரைட் இணைப்புகள் தெளிவாகக் கூடுதல் சுமையைத் தாங்கின. அவை அறுந்தது நிரப்பு உலோகத்தில் அன்று, சற்றுத் தள்ளி. அந்த இடத்தை மெருகேற்றிக் கடினம் அளந்தபோது காரணம் தெரிந்தது: விளிம்பில் உச்சத்துக்கு ஏறும் கடினம், சில மில்லிமீட்டர் தாண்டியதும் தகட்டின் அளவுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. பற்றவைப்பின் சூடு, ஆலையில் செய்த பதத்தை அங்கே கூடுதலாக இளக்கிவிட்டது. இந்த மென்பட்டையை எந்த எலக்ட்ரோடும் சரிசெய்யாது. உள்ளிடும் வெப்பத்தைக் குறைத்து அதை ஒடுக்கலாம், அவ்வளவே.

நவம்பர் 4

இரண்டாம் உலகப்போரிலும் கவசத் தகடுகளுக்குத் துருவேறா எஃகு எலக்ட்ரோடுகளே முதலில் பயன்பட்டன. குரோமியத்துக்கும் நிக்கலுக்கும் தட்டுப்பாடு வந்ததும் தாழ் ஹைட்ரஜன் ஃபெரைட் வகைகளின் வளர்ச்சி வேகம் பிடித்தது. சிக்கனத்துக்காக வந்தது வலிமையிலும் முந்திக்கொண்டது எனக்குப் பிடித்த முரண்.

அறிக்கையில் என் பரிந்துரையை இப்படி எழுதினேன்: அடுப்பும் முன்சூடும் கட்டுப்பாட்டிலுள்ள தொழிற்கூடத்தில் 11018-எம், வெட்டவெளியில், அவசரப் பழுதுபார்ப்பில், வலிமைக் குறைவை ஒப்புக்கொண்டு 307. வெல்டர் அண்ணன் படித்துவிட்டு, எலக்ட்ரோடு அடுப்புக்கு வெளியே எத்தனை நிமிடம் இருக்கலாம் என்பதையும் எழுதச் சொன்னார். அந்த வரியைச் சேர்த்து, மேசைக்கு அருகில் ஒரு சிறு சூட்டுப்பெட்டி வாங்கவும் கோரிக்கை வைத்திருக்கிறேன்.