ஒரே சோர்ஸ், இரண்டு கம்பைலர்

சோர்ஸ் கோடை ஓடும் நிரலாகக் கட்டும் புது பில்ட் சர்வரில் முதல் தடவை ஓட்டியபோதே பில்ட் நின்றுவிட்டது. முந்தின நாள் வரை பழைய கணினியில் ஒழுங்காக ஓடிய அதே யூ-பூட் (போர்டில் லினக்ஸை ஏற்றிவிடும் நிரல்) சோர்ஸ், அதே கான்ஃபிக், அதே ஆர்ம் கிராஸ் கம்பைலர் (சர்வரில் ஓடி, போர்டின் ஆர்ம் சிப்புக்கான கோடைக் கட்டுவது). ஒரு எழுத்துகூட மாறவில்லை.

திரையின் அடியில் 'எரர் 2' மட்டும் இருந்தது. பில்டை நடத்தும் கருவி மேக். உள்ளே ஏதோ ஒரு மேக் தோற்றுவிட்டது என்பதை மேலே இருக்கும் மேக் திருப்பிச் சொல்கிறது, அவ்வளவுதான். 16 வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும்போது, ஒன்று விழுந்த பிறகும் மற்றவை தங்கள் வரிகளைக் கொட்டிக்கொண்டே இருக்கும். நிஜமான பிழை எங்கோ மேலே புதைந்து போகும்.

நான் நேராகக் கிராஸ் கம்பைலரைச் சந்தேகப்பட்டேன். பாத் சரிபார்த்தேன், கம்பைலரும் துணைக் கருவிகளும் அடங்கிய டூல்செயினை மறுபடி இறக்கினேன். ஒரு முழு நாள் போனது.

மறுநாள் காலையில்தான் ‑ஜே1 (ஒரு நேரத்தில் ஒரே வேலை), வி=1 (ஓடும் கட்டளையை முழுதாகக் காட்டு) கொடுத்து ஓட்டினேன். 'ஒய்ஒய்லாக்' என்ற மாறிக்கு 'மல்டிபிள் டெஃபினிஷன்' (ஒன்றுக்கு மேல் வரையறை) என்று பிழை தெளிவாக வந்து நின்றது. அதைவிட முக்கியம், அதற்கு முந்தைய வரி. அங்கே ஓடியது ஆர்ம் கம்பைலரே இல்லை. சர்வரின் சொந்த சி கம்பைலரான ஜிசிசி!

போர்டில் ஓடப்போவதைக் கட்டுவது கிராஸ் கம்பைலர். பில்டுக்கே தேவைப்படும் சின்னக் கருவிகளைக் கட்டுவது ஹோஸ்ட் கம்பைலர். போர்டில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று சொல்லும் டிவைஸ் ட்ரீயைக் கம்பைல் செய்யும் டிடிசி அப்படிப்பட்ட ஒரு கருவி. விழுந்தது அதுதான். இரண்டு சி கோப்புகள் ஒரே குளோபல் மாறியை ஆரம்ப மதிப்பு இல்லாமல் எழுதியிருந்தால், முன்பெல்லாம் கோப்புகளை இணைக்கும் லிங்கர் சத்தமில்லாமல் ஒன்றாக்கிவிடும். 2020இல் வந்த ஜிசிசி 10, அப்படி ஒன்றாக்காதே என்று சொல்லும் '‑எஃப்நோ‑காமன்' என்பதை இயல்பாக்கியது. அதிலிருந்து இரண்டும் மோதிக்கொள்கின்றன. பழைய கணினியில் இருந்ததோ ஜிசிசி 9.

டிடிசியின் லெக்சர் கோப்பில் (உரையைச் சொற்களாகப் பிரிக்கும் பகுதி) அந்த மாறிக்கு முன்னால் 'எக்ஸ்டர்ன்' (வரையறை வேறு கோப்பில் இருக்கிறது) சேர்த்தேன். பில்ட் முடிந்தது. இவ்வளவு காரணத்தையும் திருத்தத்தோடு போகும் பேட்ச் குறிப்பில் எழுதி வைத்தேன். பின்னால் வருகிறவருக்கு அந்த ஒரு சொல் மட்டும் போதாது.

சில மாதம் கழித்து, குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு பில்ட்ரூட் (போர்டுக்கான முழு லினக்ஸையும் கட்டும் கருவி) லாகோடு வந்தார். சி பிளஸ் பிளஸ் கம்பைலர் 'கில்ட்' என்று செத்திருந்தது. "கோடுல எதுவும் தப்பா தெரியல, அண்ணா" என்றார். கோடை மூடிவிட்டு, இயங்குதளத்தின் மையமான கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசெக்கை சர்வரில் அடிக்கச் சொன்னேன். நினைவகம் தீர்ந்துபோய் கெர்னலே அதைக் கொன்றிருந்தது. ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளை 16இலிருந்து 4 ஆக்கினோம். மெதுவாகத்தான் ஓடியது, ஆனால் ஓடி முடிந்தது.