குடை ராட்டினத்து மரக்குதிரை

காரைக்குடி முத்துமாரியம்மன் கோயில் மாசி-பங்குனித் திருவிழாவுக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மின்சார ராட்டினங்களுக்கு நடுவே ஓரமாக ஒரு கை ராட்டினம். நாலே நாலு மரக்குதிரை. அப்படியே நின்றுவிட்டேன்.

நடுவில் கம்பம், உச்சியில் குடை மாதிரி கம்பிகள், அதில் தொங்கும் குதிரைகள். மோட்டார் கிடையாது. ராட்டினக்காரர் கையால் தள்ளி, கூடவே நாலு எட்டு ஓடி, விட்டுவிடுகிறார். 1860-களில் இங்கிலாந்துச் சந்தை ராட்டினங்களுக்கு நீராவி எஞ்சின் வந்தது. அதுவரைக்கும் அங்கேயும் ஆளோ குதிரையோதான் சுற்ற வேண்டும்.

குதிரையின் கழுத்தைத் தடவிப் பார்த்தேன். பெயர்ந்த சிவப்புக்கு அடியில் பச்சை, அதற்கும் அடியில் மஞ்சள். பிள்ளைகள் பிடித்துப் பிடித்து, பிடரியில் மட்டும் பெயின்ட் போய் மரம் வழுவழுவென்று தெரிகிறது.

"எங்க அப்பா காலத்துலேர்ந்து இருக்கு தம்பி. எந்த ஆசாரி செஞ்சதுன்னு தெரியல" என்றார்.

பர்மா தேக்கில் தூண் நிறுத்தி வீடு கட்டிய செட்டிநாட்டுச் சீமை இது. அந்த வீடுகளைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். இந்தக் குதிரையைச் செதுக்கிய கைக்கு ஒரு பெயர்கூட மிஞ்சவில்லையே என்று மனசு கேட்கவில்லை.

மகள் மூணு தடவை ஏறினாள். நாலாவது தடவைக்கு அவர் காசு வாங்கவில்லை.

உங்கள் வீட்டுப் பழைய திருவிழாப் போட்டோ எதிலாவது இந்த மாதிரி ராட்டினம் இருந்தால் எனக்கு அனுப்புங்கள்.