பேட்டைப் பட்டறைக்கு ஒரு வாளி வெந்நீர்

அப்பா திருநெல்வேலி டவுனில் பிளேட்டிங், அதாவது உலோகச் சாமானுக்கு முலாம் பூசும் வேலைக்கான கெமிக்கல் கடை வைத்திருந்தார். நிக்கல் சல்பேட், போரிக் ஆசிட், பாலீஷ் சோப்பு, அப்புறம் சாமானில் ஒட்டிய எண்ணெயைப் போக்குகிற திரவம். என் சின்ன வயதில் அந்தத் திரவம் கார்பன் டெட்ராகுளோரைடு. ஓசோனை அரிக்கிறது என்று மான்ட்ரியல் ஒப்பந்தப்படி 2010-இல் அதற்கு இங்கே முடிவு கட்டினார்கள். அதே இடத்தில் அப்பா டி.சி.இ. டின்களை இறக்கினார். டிரைகுளோரோ எத்திலீன். பட்டறைக்காரர்களுக்கு அதே தொட்டி, அதே முக்கல், எதுவும் மாறவில்லை. இரண்டே வருடம். 2012-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதல் பிரிவில் டி.சி.இ.யைச் சேர்த்தது. சிறுநீரகத்தில் வருகிற புற்று.

2015-இல் கடை என் கைக்கு வந்தது. வேதியியல் படித்தவள்தான். ஆனாலும் மூன்று வருடம் நானும் அதையே விற்றேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

ஒருநாள் மதியம், பட்டறை வேலைக்காரர் ஒருவரின் மனைவி கடைக்கு வந்தார். "முன்னெல்லாம் குடிச்சா இப்படி ஆகாது தாயி. இப்ப ஒரு கிளாஸ் உள்ள போனா மூஞ்சி, கழுத்தெல்லாம் திட்டுத்திட்டா செவந்து போவுது. உங்க கடைச் சரக்கைத்தான் நாள் முச்சூடும் மோந்துக்கிட்டு நிக்காரு" என்றார். டி.சி.இ. ஆவியைச் சுவாசிப்பவர்கள் மது குடித்தால் முகம் சிவக்கும் என்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். படிக்காத அந்த அம்மா கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார்.

அன்று ராத்திரி கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பட்டறை மாதம் 40 லிட்டர் வாங்குகிறது. கழிவாக ஒதுக்கி வைப்பது 10 லிட்டர் தேறாது. மிச்சம் எங்கே போகும்? பெரும்பகுதி ஆவியாகி, அங்கே நிற்பவர்களின் மூச்சுக்குள். காற்றைவிட நான்கு மடங்குக்கு மேல் கனமான ஆவி, மேலே போகாமல் தொட்டியைச் சுற்றியே தங்கும். பக்கத்தில் யாராவது பீடி பற்றவைத்தால், சூட்டில் சிதைந்து பாஸ்ஜீன் என்ற கொடிய விஷவாயு உண்டாகும். கீழே சிந்தினாலோ, தண்ணீரைவிடக் கனம் என்பதால் மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீரில் தங்கிவிடும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நச்சுப்பொருள் பயன்பாட்டைக் குறைக்க 1989-இல் ஒரு சட்டம் போட்டார்கள். அதன்கீழ் ஒரு பல்கலைக்கழக ஆய்வகம் இயங்குகிறது. பட்டறைக்காரர் தன்னுடைய அழுக்குச் சாமானையே அங்கே கொடுக்கலாம். எதில் கழுவினால் போகும் என்று சோதித்துச் சொல்வார்கள். அதைப் படித்ததும், சாமான் என்னிடம் வராவிட்டால் என்ன, நான் சாமானிடம் போகலாமே என்று தோன்றியது.

டி.சி.இ.க்குப் பதில் வெந்நீர்க் கரைசலில் கழுவிப் பார்க்க, பேட்டை தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் முதலில் சம்மதித்தார். "தண்ணிய ஊத்தி எண்ணெயப் போக்கப் போறியாம்மா?" என்று சந்தேகமாகத்தான் கேட்டார். அவர் பயம் நியாயமானது. எண்ணெய் கொஞ்சம் மிஞ்சினாலும் நிக்கல் உரிந்துவிடும். உரிந்தால் மொத்த சரக்கும் திரும்பி வரும், கூலியும் போகும். அந்தப் பயத்துக்கு நோட்டீஸ் கொடுத்துப் பயனில்லை.

முதல் முயற்சியைக் கெடுத்தது நான்தான். தண்ணீரில் காஸ்டிக் சோடா அதிகம் போட்டுச் சூடாக்கினேன். இரும்புத் தாழ்ப்பாள்கள் நன்றாக வந்தன, பித்தளைக் குழாய்த் தலைகள் கறுத்துவிட்டன. அவற்றைத் திரும்பப் பாலீஷ் போடும் கூலியை நான் கொடுத்தேன். அடுத்த வாரம் காஸ்டிக்கை விட்டுவிட்டு, சலவைச் சோடா, சோடியம் மெட்டாசிலிகேட், கொஞ்சம் நுரைப்பான். சூடு 65 டிகிரி. அதற்குக் கீழே போனால் பாலீஷ் சோப்பின் கொழுப்பு இளகாது. 5 நிமிடம் ஊறவிட்டு, பிரஷ் போட்டு, இரண்டு தண்ணீரில் அலசித் தூக்கிப் பிடித்தோம். தண்ணீர் முத்து முத்தாகப் பிரியாமல் ஒரே படலமாக நின்றது. எண்ணெய் போய்விட்டதற்கு அதுதான் அடையாளம். நிக்கல் ஏற்றியபின் அண்ணாச்சி ஒரு தாழ்ப்பாளைக் குறட்டில் பிடித்து ஒடித்தே பார்த்தார். ஒடிந்த இடத்திலும் முலாம் உரியவில்லை. "சரி, ஒரு தொட்டி மாத்திப் பாப்போம்" என்றார்.

இன்னொன்று சொல்ல வேண்டும், இதில் உயிரே இருக்கிறது. டி.சி.இ. சொட்டச் சொட்டச் சாமானைக் காஸ்டிக் தொட்டிக்குள் விடக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் டைகுளோரோ அசிட்டிலீன் உண்டாகும். நஞ்சு, தானே வெடிக்கவும் கூடியது. பழைய தொட்டியில் புதுக் கரைசலை ஊற்றுவதும் வேண்டாம். அலுமினியச் சாமானைக் காஸ்டிக்கில் போட்டால் ஹைட்ரஜன் பொங்கும், சாமானும் கரையும்.

அலசும் தண்ணீரும் முக்கியம். போர்த் தண்ணீரில் அலசினால் வெள்ளைத் திட்டு விழுந்தது. குழாயில் வருகிற தாமிரபரணித் தண்ணீருக்கு மாறியதும் நின்றுவிட்டது. இரும்பு உடனே துருப்பிடிக்கும் என்பதால், கழுவிய கையோடு அடுத்த தொட்டிக்குப் போயாக வேண்டும். அழுக்குக் கரைசலை வாய்க்காலில் விட்டால் ஒரு பாவத்தைக் கழுவி இன்னொன்றைச் சேர்த்ததாகும். மேலே மிதக்கும் எண்ணெயை வழித்து, கரைசலைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி, கடைசியில் கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுக்கிறோம்.

போன மாதம் ஒரு விற்பனையாளர் கடைக்கு வந்தார். டி.சி.இ.க்குப் பதிலாக அப்படியே ஊற்றலாம், முறை எதுவும் மாற்ற வேண்டாம் என்றார். டின்னைத் திருப்பிப் படித்தேன். புரோப்பைல் புரோமைடு. நரம்பைத் தாக்குவது, கால் மரத்துப் போகும். அப்பா டின் மாற்றிய கதைதான் நினைவுக்கு வந்தது. வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

இதுவரை நான்கு பட்டறைகள் மாறியிருக்கின்றன. நான்காவதில், குருட்டுத் துளை, அதாவது மறுபக்கம் திறக்காத துளை உள்ள ஒரு சாமானுக்கு மட்டும் இன்னும் டி.சி.இ.தான், தொட்டிக்கு மூடி போட வைத்திருக்கிறேன், வழி தேடிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை மேலப்பாளையத்தில் ஒரு புது இடம். ஒருநாள் சாமானைத் துடைக்காமல் எண்ணெயோடு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். வாளியும் தெர்மாமீட்டரும் நான் கொண்டுபோகிறேன்.