குடும்பப் படத்துக்கு ஆள் பிடிக்கும் முன்

போட்டோகிராபரின் இணையப் பக்கத்தில் இருக்கும் பத்துப் படத்தைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. அது பொறுக்கி எடுத்த பத்து. ஒரே குடும்பத்துக்கு எடுத்த முழு ஆல்பத்தையும் கேளுங்க. நாற்பதாவது படமும் தெளிவா இருந்தால் நம்பலாம்.

அதில் முதலில் பின்வரிசை முகங்களைப் பெரிதாக்கிப் பாருங்க. நிறைய பேர் சறுக்குற இடம் அதுதான். பின்னணி மங்கலா அழகா வரணும்னு லென்ஸ் துளையை அகலமாத் திறந்து, அதாவது எஃப் 2-ல், எடுத்தால், முன்வரிசைப் பேரன் பளிச்சுனு இருப்பான், பின்னால் நிற்கும் தாத்தா முகம் கரைஞ்சிருக்கும். இரண்டு மூன்று வரிசைன்னா துளையைச் சின்னதாக்கி எஃப் 5.6 முதல் 8 வரை வைக்கணும். குழந்தைகள் ஒரு இடத்தில் நிற்காது. ஷட்டர் வேகம் 1/200 நொடியை விட மெதுவா இருக்கக் கூடாது. வெளிச்சம் போதாத அறையில் இது இரண்டும் சேரணும்னா பிளாஷ் இல்லாமல் கஷ்டம். ‘நான் நேச்சுரல் லைட் மட்டும்தான்’ என்பவரிடம் மழை வந்தால் என்ன செய்வீங்கன்னு கேளுங்க.

எழுத்தில் வாங்க வேண்டியவை: எத்தனை படம் எடிட் செய்து வரும், எந்தத் தேதிக்குள், தேதி மாறினால் அட்வான்ஸ் என்னாகும், அவருக்கு உடம்பு சரியில்லைன்னா யார் வருவார்.

ஃபைல் முழு அளவில் வரணும். 12க்கு 18 அங்குலப் பிரிண்ட் நல்லா வர 3600க்கு 5400 பிக்சல் தேவை. வாட்ஸப்பில் சாதாரண போட்டோவா அனுப்பினால் அது சுருங்கிடும். டிரைவ் லிங்க்கா வாங்குங்க.

கைக்குழந்தை இருந்தால் நேரத்தை அதன் தூக்கத்தை வைத்துக் குறிங்க, சூரியனை வைத்து அல்ல.