மஞ்சள் முக்கோணம்

ரீசெட் செய்த லேப்டாப்பைக் கொண்டுவருபவர்களை முகத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். ஏதோ தப்பு செய்துவிட்ட முகமாக இருக்கும். போன மாதம் எங்கள் சர்வீஸ் கடைக்கு வந்த டீச்சரும் அப்படித்தான் வந்தார். ஓய்வு பெற்றவர். லேப்டாப்பைப் பேத்திக்குக் கொடுக்கலாம் என்று எல்லாவற்றையும் அழித்து ஃபேக்டரி ரீசெட் போட்டிருக்கிறார்.

"தம்பி, அழிக்கக் கூடாத எதையோ அழிச்சிட்டேன் போல. வைஃபையையே காணோம்."

"உக்காருங்க டீச்சர். எங்கயும் போயிருக்காது" என்றேன்.

லேப்டாப்பில் உள்ள சாதனங்களையெல்லாம் விண்டோஸ் பட்டியல் போட்டுக் காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். 'அதர் டிவைசஸ்' என்ற தலைப்புக்குக் கீழே நாலு வரி, நாலிலும் மஞ்சள் முக்கோணம். நெட்வொர்க் கன்ட்ரோலர், எஸ்எம் பஸ் கன்ட்ரோலர், பிசிஐ சிம்பிள் கம்யூனிகேஷன்ஸ் கன்ட்ரோலர், கடைசியாக ஒரு அன்நோன் டிவைஸ். உள்ளே போய்ப் பார்த்தால் கோட் 28: டிரைவர் ஏற்றப்படவில்லை. டிரைவர் என்பது ஒரு சிப்போடு எப்படிப் பேசுவது என்று விண்டோஸுக்குச் சொல்லிக்கொடுக்கும் மென்பொருள்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. உண்மையிலேயே செத்துப்போன வைஃபை கார்டு பெரும்பாலும் அந்தப் பட்டியலில் தலைகாட்டவே காட்டாது. மஞ்சள் முக்கோணத்தோடு நிற்கிறது என்றால் சிப் உயிரோடு இருக்கிறது, தன் நம்பரைச் சொல்லிவிட்டது, விண்டோஸுக்குத்தான் அது யாரென்று புரியவில்லை.

இதைத் தெரிந்துகொள்ள நான் கொஞ்சம் விலை கொடுத்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், இதே மாதிரி ரீசெட்டுக்குப் பிறகு வைஃபை காணாமல் போன ஒரு மெஷினுக்குக் கார்டு போய்விட்டது என்று சொல்லிப் புதுசு மாட்டிக் காசும் வாங்கிவிட்டேன். கழற்றிய கார்டை ஓனர் அண்ணன் வேறொரு லேப்டாப்பில் போட்டார். ஜம்மென்று வேலை செய்தது. "செத்துப்போச்சுன்னு யார்டா சொன்னா? அதுகிட்ட கேட்டியா?" என்றார். வாடிக்கையாளரைக் கூப்பிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது நான்தான்.

கேட்பது என்றால் இதுதான்: பிராப்பர்ட்டீஸில் டீடெயில்ஸ் டேபுக்குப் போய் 'ஹார்டுவேர் ஐடிஸ்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிசிஐ என்ற இணைப்பு வழியாக மதர்போர்டோடு பேசும் ஒவ்வொரு சிப்பும் தன்னைப் பற்றிச் சொல்லும் முதல் நாலு பைட்டில் இரண்டு, தயாரித்தவரின் எண். அடுத்த இரண்டு, மாடலின் எண். 8086 என்றால் இன்டெல். 1978-இல் வந்த தங்கள் பிராசசரின் பெயரையே எண்ணாக வைத்துக்கொண்டார்கள்; அந்தக் குறும்பு எனக்குப் பிடிக்கும். 10டிஇ என்விடியா, 10இசி ரியல்டெக்.

டீச்சருடைய மெஷினில் எஸ்எம் பஸ்ஸுக்குச் சிப்செட் டிரைவர், சிம்பிள் கம்யூனிகேஷன்ஸுக்கு இன்டெல் மேனேஜ்மென்ட் எஞ்சின் டிரைவர், இரண்டும் பத்து நிமிஷ வேலை. இன்டர்நெட்டுக்கு என் போனைக் கேபிளில் மாட்டி யூஎஸ்பி டெதரிங், அதாவது போனின் நெட்டையே லேப்டாப்புக்குக் கொடுப்பது. வைஃபைதான் முரண்டு பிடித்தது. லேப்டாப்பின் அடியில் இருந்த மாடல் எண்ணைத் தட்டி, கம்பெனி தளத்தில் முதலில் கண்ணில் பட்ட வைஃபை டிரைவரை இறக்கினேன். ஏறவில்லை. ரீஸ்டார்ட் செய்து மறுபடி போட்டேன். அப்போதும் ஏறவில்லை. அரை மணி நேரம் போனபிறகுதான் அண்ணன் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மட்டும் முதலில் ஞாபகம் வரும்!

நான் இறக்கியது இன்டெல் கார்டுக்கான டிரைவர். உள்ளே இருந்த கார்டு சொன்னதோ 10இசி, சி821. ரியல்டெக்கின் 8821சிஇ. ஒரே மாடலில் ஒரு லாட்டுக்கு ஒரு கார்டு, அடுத்த லாட்டுக்கு வேறு கார்டு என்று போடுவது வழக்கம்தான். அடியில் ஒட்டிய ஸ்டிக்கர் பெட்டியின் பெயரைத்தான் சொல்லும். சரியான டிரைவரைப் போட்டதும் வைஃபை பெயர்கள் வரிசையாக வந்து விழுந்தன. டீச்சர் தன் கைப்பையை மடியிலிருந்து இறக்கி வைத்தார்.

மிச்சம் அந்த அன்நோன் டிவைஸ். அதன் ஐடி ஏசிபிஐ என்று தொடங்கியது; மதர்போர்டு தானே விண்டோஸுக்கு அறிமுகப்படுத்தும் சாதனம் என்று அர்த்தம். தேடிப் பார்த்தால் அது ஒரு அசைவு சென்சார். லேப்டாப் கீழே விழுகிறது என்று தெரிந்ததும் ஹார்டு டிஸ்க்கின் ஊசிமுனையைத் தட்டிலிருந்து ஒதுக்கி வைப்பது அதன் வேலை. ஆனால் இந்த மெஷினில் எப்போதோ யாரோ எஸ்எஸ்டி மாற்றிவிட்டார்கள். அதில் சுற்றும் தட்டும் இல்லை, ஊசியும் இல்லை.

"அப்போ அது தேவையில்லையா தம்பி?"

"தேவையில்லை டீச்சர்."

"மஞ்சளாவே இருக்குமே?"

இருக்கும். பேத்தி அதைப் பார்த்துவிட்டு, பாட்டி என்னத்தை அழிச்சே என்றுதான் கேட்பாள். அதற்கும் டிரைவரைத் தேடிப் போட்டுக் கொடுத்தேன்.