டீயன்னா டர்பினும் ராமபாணப் பூச்சியும்

நோட்டு கிடைத்தது மாசிக் கடைசியில். சிம்மக்கல் வீட்டுப் பரணை ஒழிக்கும்போது, ஒரு தகரப் பெட்டிக்குள் பழைய துண்டில் சுற்றிக் கிடந்தது. சிவப்புத் துணி அட்டை போட்ட நீளமான பேரேடு. கணக்குதான் இருக்கும் என்று நினைத்துத் திறந்தேன். முதலில் நாலைந்து ராமபாணப் பூச்சி வெளியே ஓடியது. அதன் பிறகு ஒரு வெள்ளைக்காரச் சிறுமி சிரித்தாள். அடுத்த பக்கத்திலும் அவள்தான். அதற்கடுத்த பக்கத்திலும்.

அம்மாவின் சித்தப்பா, எங்களுக்குச் சின்னத் தாத்தா, ஹார்வி மில்லில் கிளார்க்காக இருந்தவர். மில் துரைமார் படித்துப் போட்ட பத்திரிகைகளை வீட்டுக்கு எடுத்து வருவாராம். சினிமா பைத்தியம் என்பதும் தெரியும். ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே விக்டோரியா எட்வர்டு மன்றத்தில் இருந்த ரீகல்தான் அந்தக் கால மதுரையில் இங்கிலீஷ் படத்துக்குப் பேர் போன இடம். பாஷை புரியாவிட்டாலும் போய் உட்கார்ந்துவிடுவார் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். ஆனால் ஒரே ஹாலிவுட் நடிகைக்கு ஒரு பேரேடு முழுவதையும் எழுதி வைத்திருக்கிறார் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஊதா மையில், யானைத் துதிக்கை வைத்த பழைய 'லை'யும் 'னை'யுமாக, 'டீயன்னா டர்பின்' என்று பேரும் ஒன்றிரண்டு வார்த்தையும்.

கடைசிப் பக்கங்கள் பிரிந்து, அறுபதுக்கு மேல் படங்கள் உதிரியாகக் கிடந்தன. மீதி ஒட்டியபடியே மக்கிக்கொண்டிருந்தன. இதைச் சரி செய்துவிடலாம் என்று ஆரம்பித்தேன். நான் வேலை பார்ப்பது கணக்குப் பிள்ளையாக. பேப்பரைப் பழுது பார்ப்பது எனக்குச் சுத்தமாகப் புதுசு. அதனால் இதைப் படிப்பவர்கள் என் தப்புகளையும் சேர்த்தே படிக்கவும்.

முதலில் பூச்சி. நாப்தலின் உருண்டை போட்டால் ஓடும், முட்டை சாகாது. நோட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை அமுக்கி எடுத்து, டேப் ஒட்டி, ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்தேன். "மீன் வைக்கிற இடத்துல பரண் குப்பையாடா?" என்று அம்மா கேட்டாள். அந்த வாரம் மீன் வாங்கவில்லை. வெளியே எடுத்ததும் பையைப் பிரித்துவிடக் கூடாது. ஒரு நாள் அப்படியே விட்டு, நோட்டு அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் பேப்பர் மேல் வேர்க்கும். இந்த ஒன்றை மட்டும் முதல் தடவையே சரியாகச் செய்தேன்.

அடுத்தது படங்களைப் பெயர்ப்பது. இங்கேதான் அடி வாங்கினேன். தாத்தா ஒட்டியது வேலம்பிசினில். கருவேல மரத்துப் பிசினைத் தண்ணீரில் ஊறப்போட்டால் கோந்து. அது ஈரம் பட்டால் இளகும், சரி. இட்லிப் பானையில் ஆவி காட்டினால் வேலை சீக்கிரம் முடியும் என்று நினைத்தேன். முடிந்தது. படம் தானாகக் கழன்று வந்தது. கீழே தாத்தா எழுதியிருந்த மூன்று வார்த்தையில் இரண்டு ஊதாக் குளமாகிவிட்டன. 'பார்த்தேன்' என்பது மட்டும் மிச்சம். எதை, எங்கே என்பது போச்சு. அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு ஆவியை விட்டுவிட்டேன். மூடி உள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று. அடியில் பிழிந்த ஈரத்துணி. அதற்கு மேல் நாலு தம்ளரைக் கவிழ்த்து, மேலே மாவு சலிக்கும் சல்லடை. சல்லடையில் பக்கத்தை வைத்து மூடிவிட்டால் இரண்டு மூன்று மணி நேரத்தில் காற்றில் உள்ள ஈரத்திலேயே பிசின் இளகிவிடும். மை அசையாது. மூங்கில் குச்சியைப் பட்டையாகச் சீவி, ஓரத்தில் நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ள வேண்டும். ஒரு படத்துக்கு அரை மணி நேரம். பெயர்த்ததை இரண்டு ஒற்றுத்தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே கடப்பைக்கல் துண்டு. பங்குனி வெயிலில் கல் வைக்காமல் விட்ட ஒரு படம் அப்பளம் மாதிரி சுருண்டது. மறுபடி டப்பாவுக்குள் போட்டு நிமிர்த்தினேன்.

சரி, பெயர்த்தாயிற்று. எந்த வரிசையில் திருப்பி ஒட்டுவது? உதிரிகளில் ஒன்றிலும் தேதி கிடையாது. தாத்தா நாள் வரிசையில்தான் ஒட்டியிருக்கிறார் என்பது பிரியாத பக்கங்களைப் பார்த்தாலே தெரிந்தது. பெண் பக்கத்துக்குப் பக்கம் வளர்ந்துகொண்டே போகிறாள். ஆக, உதிரிகளை அடுக்க வேண்டுமென்றால் அந்தப் பெண்ணின் வாழ்க்கையே எனக்குத் தெரிந்தாக வேண்டும். பேப்பர் வேலை என்று ஆரம்பித்தது இப்படித்தான் ஆள் தேடும் வேலையாக மாறியது.

நிஜப் பெயர் எட்னா மே டர்பின். 1921 டிசம்பர் 4-ல் கனடாவில் வின்னிபெக் ஊரில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் கலிபோர்னியாவுக்குப் போய்விட்டது. சின்ன வயதிலேயே பெரிய சங்கீதக்காரியின் குரல். அந்தக் குரலுக்காக முதலில் எம்.ஜி.எம். கம்பெனி எடுத்தது. 1936-ல் ஜூடி கார்லண்டோடு ஒரு குறும்படத்தில் பாட வைத்தது, அப்புறம் கைவிட்டது. யுனிவர்சல் கம்பெனி பிடித்துக்கொண்டது. அந்த வருஷக் கடைசியில் வந்த 'த்ரீ ஸ்மார்ட் கேர்ள்ஸ்' பிய்த்துக்கொண்டு ஓடியது. பதினைந்து வயதுப் பெண் முங்கிக்கொண்டிருந்த யுனிவர்சலைக் கரையேற்றியதாக இன்றைக்கும் சொல்கிறார்கள்.

வரிசைப்படுத்தக் கிடைத்த தடயங்களைச் சொல்கிறேன். வெள்ளை முடி பறக்கும் ஒரு ஆள் கூட நிற்கிறாரா? அது லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கி, பெரிய இசைக்குழு நடத்துநர். அப்படியானால் படம் 1937. கையில் குட்டி ஆஸ்கர் சிலையா? 1938-ம் வருஷப் படங்களுக்காக மிக்கி ரூனிக்கும் இவருக்கும் சிறுவர் ஆஸ்கர் கொடுத்தார்கள், அதனால் 1939. ஒரு பையன் குனிந்து முத்தம் கொடுக்கிறானா? அதுவும் 1939, 'ஃபர்ஸ்ட் லவ்'. திரையில் டர்பினுக்கு அதுதான் முதல் முத்தம். அப்போது வயது பதினேழு. அது அமெரிக்கப் பத்திரிகைகளில் முதல் பக்கச் செய்தியாம். முத்தம் கொடுத்தவர் ராபர்ட் ஸ்டாக். சின்னத் தாத்தா இந்தப் படத்தையும் ஒட்டியிருக்கிறார். ஆனால் ராபர்ட் ஸ்டாக்கைக் கத்தரித்துவிட்டார். மூக்கு நுனி மட்டும் மிச்சம் இருக்கிறது. இதைக் காட்டியபோது அம்மா சிரித்த சிரிப்பில் டப்பா மூடியைத் தட்டிவிட்டாள்.

தாத்தாவைக் கேலி செய்ய வேண்டாம். அந்தப் பெண்ணுக்கு உலகம் முழுக்க இப்படித்தான் ஆட்கள். ஆம்ஸ்டர்டாமில் நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்த சிறுமி ஆன் ஃபிராங்கின் அறைச் சுவரில் டர்பின் படம் ஒட்டியிருந்தது. கல்கத்தாவில் பள்ளிக்கூடப் பையன் ஒருவன் டர்பினுக்குக் கடிதம் போட்டு, பதிலும் வாங்கியிருக்கிறான். பையன் பேர் சத்யஜித் ராய். 1992-ல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி ஆஸ்கரைக் கையில் வைத்துக்கொண்டு இதைச் சொன்னார். இன்னொரு நடிகை ஜிஞ்சர் ரோஜர்ஸ் பதில் போடவில்லை என்ற குறையையும் சேர்த்துச் சொன்னார். சின்னத் தாத்தா கடிதம் எழுதினாரா என்று பெட்டியைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்தேன். ஒரு ரசீதுகூட இல்லை.

1942-க்கு மேல் அடுக்குவது சுலபமாகிவிட்டது. காரணம் பேப்பர். போர்க்காலத் தட்டுப்பாட்டில் தாளே மட்டமாகிவிட்டது. தொட்டால் பொடி உதிர்கிறது, நிறமும் பழுப்பு. விரலால் தடவியே போருக்கு முந்தியதா பிந்தியதா என்று சொல்லிவிடலாம்.

ஒரு படத்தில் மட்டும் ஏமாந்தேன். இறுக்கமான கறுப்பு கவுன், உதட்டுச் சாயம், தூக்கம் கெட்ட கண். தாத்தா வேறு யாரையோ நடுவில் ஒட்டிவிட்டார் என்று தனியே எடுத்து வைத்துவிட்டேன். பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது, அதுவும் அவர்தான். 1944, 'கிறிஸ்துமஸ் ஹாலிடே'. இரவு விடுதியில் பாடுகிற பெண்ணாக, கொலைகாரன் பெண்டாட்டியாக நடித்த படம். கொலைகாரன் வேஷத்தில் ஜீன் கெல்லி. ரசிகர்களுக்கு வேண்டியிருந்தது பழைய பதினாலு வயதுப் பெண். அவருக்கோ இந்த மாதிரி வேஷத்தில்தான் ஆசை. நானும் எழுபது எண்பது வருஷம் கழித்து அதையேதானே செய்தேன்! சிரிக்காத முகத்தைப் பார்த்ததும் 'இது அவள் இல்லை' என்று ஒதுக்கிவிட்டேன்.

மிச்சக் கதை சட்டென்று முடிகிறது. கடைசிப் படம் 1948-ல். அதற்குள் அமெரிக்காவிலேயே மிக அதிகமாகச் சம்பளம் வாங்கிய பெண்களில் ஒருவர். இரண்டு கல்யாணம் முறிந்து, 1950-ல் மூன்றாவதாக சார்ல்ஸ் டேவிட் என்ற டைரக்டரைக் கட்டிக்கொண்டு பிரான்ஸில் பாரிஸுக்குப் பக்கத்துக் கிராமத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். சிலந்தி, கொசு, பத்திரிகைக்காரர் மூன்றும் கிட்டே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் மாப்பிள்ளைக்குப் போட்ட நிபந்தனை என்பார்கள். ராமபாணப் பூச்சியையும் சேர்த்திருக்கலாம். திரும்ப நடிக்கக் கூப்பிட்டவர்களுக்கெல்லாம் இல்லை என்றே பதில். 1983-ல் ஒரே ஒரு பேட்டி. 2013-ல் 91 வயதில் இறந்தார். நடித்தது பன்னிரண்டு வருஷம், சும்மா இருந்தது அறுபது வருஷத்துக்கு மேல். ஏன் விட்டுவிட்டாய் என்று நம் ஊரில் என்றால் கேட்டே கொன்றிருப்பார்கள்.

சித்திரையில் பசை வேலை. எங்கள் தெருவில் பைண்டிங் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் போனேன்.

"மைதாவக் காய்ச்சு, ஒரு துளி மயில்துத்தம் போடு தம்பி. பூச்சி எட்டிப் பாக்காது" என்றார்.

"துத்தம் பேப்பரைத் தின்னுரும்ங்கிறாங்களேண்ணே."

"நூறு வருசம் கழிச்சுத் திங்கும். அதுக்குள்ள நீயும் நானும் எங்க இருக்கப்போறோம்?"

அவர் பள்ளிக்கூட நோட்டுக்குச் சொல்கிறார், அதற்கு அது சரி. என் கையில் இருப்பது ஏற்கெனவே எண்பது வருஷத்தைத் தாண்டியது. செம்பு கலந்த துத்தம் வேண்டாம் என்று முடிவு செய்தேன். பழைய பேப்பருக்குக் கோதுமைப் பசைதான் நல்லது. அதற்காக எங்கேயும் அலைய வேண்டாம், அல்வா கிண்டத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் போதும். சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டி, பால் பிழிந்து, துணியில் வடிகட்டி, ஒரு ராத்திரி வைத்தோம். காலையில் மேல் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீர் ஊற்றி, இப்படி மூன்று தடவை. அடியில் தங்கின வெள்ளை மாவில் ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர் சேர்த்துச் சிறு தீயில் கிளறினால், அரை மணியில் கண்ணாடி மாதிரி வரும். ஆறவைத்துச் சல்லடையில் தேய்த்து எடுத்தால் பசை. "இதுல சர்க்கரையும் நெய்யும் போட்டா வேலை முடிஞ்சுச்சு" என்றாள் அம்மா. அடுத்த ஞாயிறு அதையும் செய்தாள். பசை ஃப்ரிட்ஜில் நாலு நாள்தான் தாங்கும், அல்வா அவ்வளவுகூடத் தாங்கவில்லை.

படம் முழுக்கப் பசை தடவக் கூடாது என்பது இப்போது புரிந்திருக்கிறது. மெல்லிய ஜப்பான் டிஷ்யூவை விரல் அகலத்துக்குக் கிழித்து, மேல் ஓரத்தில் கீல் மாதிரி ஒட்டினால் போதும். கிழிக்க வேண்டும், வெட்டக் கூடாது. கிழித்த ஓரத்தில் நார் நீட்டிக்கொண்டு இருக்கும், அதுதான் பிடிக்கும்.

போன வாரம்தான் 1945-ம் வருஷக் கட்டுக்கு வந்தேன். அதில் ஒன்று இங்கிலீஷ் பத்திரிகையின் வழவழப்பு இல்லாத, நம் தமிழ்ப் பத்திரிகைத் தாள். டர்பின் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறார், கீழே பாதி வரித் தமிழ்ச் செய்தி. டப்பாவில் வைத்துப் பெயர்த்துத் திருப்பினால் பின்பக்கத்தில் எம்.எஸ். கையில் தம்பூராவோடு, 'மீரா' விளம்பரம். எண்பது வருஷமாக முகத்தைப் பேரேட்டின் பக்கம் வைத்துக்கொண்டு பிசினுக்குள் கிடந்திருக்கிறார். கன்னத்தில் பிசின் கறை.

ரீகலில் இருந்து நடந்து போகிற தூரத்தில்தான் அனுமந்தராயன் கோவில் தெரு, எம்.எஸ். வளர்ந்த தெரு. 1938-ல் 'சேவாசதனம்', 1940-ல் 'சகுந்தலை', 1941-ல் 'சாவித்திரி'யில் நாரதர், 1945-ல் 'மீரா'. 'மீரா'வை எடுத்தவர் எல்லிஸ் டங்கன் என்கிற அமெரிக்கர். 1947-ல் அதுவே இந்தியில் வந்தது, அதோடு எம்.எஸ்ஸும் சினிமாவை விட்டார். ஆனால் அவர் பாட்டை விடவில்லை. பிரான்ஸுக்குப் போனவர் அதையும் விட்டார். தாத்தா அந்தத் தாளைக் கத்தரித்தபோது இரண்டு பக்கத்தையும் பார்த்திருப்பார்தானே? கத்தரி டர்பினின் தொப்பியைச் சுற்றித்தான் வளைந்து போயிருக்கிறது. ஆனாலும் எம்.எஸ்ஸின் தம்பூராவில் ஒரு நூலிழைகூட வெட்டுப்படவில்லை. தற்செயலா என்று நானும் அம்மாவும் ஒரு மாலை முழுக்கப் பேசினோம். அம்மாவைக் கேட்டால் தற்செயல் இல்லை.

இதை எப்படி ஒட்டுவது என்று நாலு நாள் யோசித்தேன். கடைசியில் கீலை இடது ஓரத்தில் வைத்து, கதவு மாதிரித் திறக்கும்படி செய்திருக்கிறேன். பசை காய்வதற்குள் அம்மா மூன்று தடவை திருப்பிப் பார்த்துவிட்டாள். ஒரு மூலை லேசாக நழுவியிருக்கிறது. அதை நாளைக்கு மறுபடி டப்பாவில் வைக்க வேண்டும். இன்னும் பதினொரு படம் பாக்கி, கோதுமை ஊறிக்கொண்டிருக்கிறது.