இன்னும் ஒரு ராடு

2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றுக்குள் விழுந்தபோது, நான் அப்படிப்பட்ட கிணறு தோண்டும் ரிக் வண்டி வேலையை விட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. திருச்செங்கோட்டில் நிறையப் பேர் ரிக் தொழிலை நம்பிப் பிழைத்தவர்கள். அந்த நான்கு நாட்களும் எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் தொலைக்காட்சியை அணைக்கவில்லை. பக்கத்தில் இன்னொரு குழி இறக்க இயந்திரங்கள் வந்தன. பாறை விடவில்லை. அந்தப் பாறை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். குழந்தை உயிருடன் கிடைக்கவில்லை.

"ஏனுங்க, நீங்கள் போட்ட குழிகளை எல்லாம் மூடிவிட்டுத்தான் வந்தீர்களா?" என்று என் மனைவி கேட்டாள். குற்றம் சாட்டிக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் எழுத உட்கார்ந்தது அந்தக் கேள்வியால்தான்.

1976இல் பதினோராம் வகுப்பு முடித்தேன். மேலே படிக்க வீட்டில் வசதியில்லை. பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டினேன். 1984இல் மாமன் ஒருவர், "மாப்பிள்ளை, ரிக்குக்கு வருகிறாயா?" என்று கூப்பிட, போய்விட்டேன். ஹெல்ப்பர், டிரில்லர், பிறகு வண்டியின் மேனேஜர். ஆந்திரா, மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று முப்பத்தைந்து வருடம் ஓடியது. மழைக்காலத்தில் வண்டி ஊர் திரும்பினால்தான் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியும்.

மேனேஜர் தினமும் இரவில் நோட்டு எழுத வேண்டும். தேதி, ஊர், எத்தனை அடி, மேல்மண் சரிந்துவிடாமல் இறக்கும் கேசிங் குழாய் எத்தனை அடி, என்ன கல், எங்கே ஈரம், எத்தனை இஞ்ச் தண்ணீர், டீசல் எவ்வளவு. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு நான் தமிழ் எழுதியது இந்த நோட்டுகளில்தான். இருபது அடிக்கு ஒரு ராடு, அதாவது துளைபோடும் இரும்புத் தண்டு, இறங்கும். ஒவ்வொரு ராடுக்கும் வெளியே வரும் கல்மாவைக் கையில் அள்ளி, விரலால் தேய்த்துப் பார்ப்பேன். முதலில் செம்மண், பிறகு ஓடைக்கல், அதற்கும் கீழே கருங்கல். இடையில் வெங்கச்சாங்கல் வெள்ளையாகப் பொடிந்து வந்தால் மனதுக்குள் ஒரு நம்பிக்கை பிறக்கும். நம் பக்கத்துப் பாறையில் தண்ணீர் வெடிப்புகளில்தான் நிற்கும், அந்தக் கல்லை ஒட்டி வெடிப்பு இருக்க வாய்ப்பு அதிகம். மகாராஷ்டிரத்தில் கதை வேறு. கருப்புப் பாறை அடுக்குகளுக்கு நடுவில் சிவப்புக் களிமண் வரும், குழியின் பக்கம் சரியும். ஈரம் பட்டதும் புகை போல எழும்பும் மாவு அடங்கிவிடும், ராடில் சேறாக ஒட்டும். அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அப்போது வாயை மூடிக்கொள்வார்கள்.

இந்த நோட்டு எனக்குக் கற்றுக்கொடுத்தது பெரிது. கையில் வந்த கல்லை எழுத வேண்டும், வர வேண்டும் என்று ஆசைப்பட்ட கல்லை எழுதக் கூடாது.

நடுக்காட்டுப்பட்டிக்குப் பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய நோட்டுகளைப் புரட்டியபோது ஒரு பக்கத்தில் நின்றுவிட்டேன். 2003, காங்கேயம் பக்கம் ஒரு தோட்டம். கடும் வறட்சி. ஒரு சோடி காளையை விற்ற பணத்தில் குழி போட்டார் அந்தப் பெரியவர். ஐந்நூறு அடியிலும் புகைதான். கீழே போகப் போக நூறு அடிக்கு ஒருமுறை அடி ரேட் ஏறும். அவர் என் முகத்தைப் பார்த்தார். "இன்னும் ஒரு ராடு போட்டுப் பார்க்கலாமுங்க" என்றேன். இப்படியே பதினோரு ராடு. 720 அடியில் நிறுத்தினோம்.

வராத தண்ணீருக்கு என்னைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கடைசி நான்கைந்து ராடுகளை அவருக்காகச் சொன்னேனா, வண்டியின் கணக்குக்காகச் சொன்னேனா என்பது எனக்குத் தெரியும். பிறகு அவர் கேசிங் பைப்பையாவது உருவிக் கொடுங்கள் என்று கேட்டார். எல்லாம் போனவர் அதைத்தானே கேட்பார். உருவினோம். கேசிங் போனால் மேல்மண் சரிந்து குழியின் வாய் அகலமாகும். இரண்டு கல்லைத் தூக்கி வைத்துவிட்டு, அன்றிரவே அடுத்த பாயிண்டுக்கு வண்டியைக் கிளப்பினோம்.

நோட்டில் இருந்தது இவ்வளவுதான்: "720 அடி. கேசிங் 40, உருவியது. ஈரம் இல்லை." குழியை மூடியாயிற்றா என்று எழுத அந்த நோட்டில் கட்டமே கிடையாது.

கைவிட்ட குழியை மண்ணும் கல்லும் போட்டு அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இலேயே சொல்லிவிட்டது. 720 அடிக் குழிக்கு ஏறக்குறைய இரண்டு டிராக்டர் லோடு போதும். பாதிக்கு மேல் நாங்கள் வெளியே கொட்டிய கல்மாவே குழியின் பக்கத்தில் குவிந்து கிடக்கும். என் முதல் கட்டுரையில் இதைத்தான் எழுதினேன், எட்டுத் தாள். மனைவி படித்துவிட்டு, "அடிக்கணக்கு எல்லாம் இருக்கிறது. அந்தப் பெரியவர் எங்கே?" என்றாள். கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். ஒரு சிற்றிதழில் வெளிவந்தது. அதிலிருந்து விடாமல் எழுதுகிறேன், விடியற்காலையில், அந்த நோட்டுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

போன தை மாதம் பஸ் ஏறி காங்கேயம் போனேன். பெரியவர் இருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை, ரிக் வண்டி என்றதும் தெரிந்துவிட்டது. திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். குழியைப் பற்றிக் கேட்டேன்.

"நீங்கள் போன மூன்றாம் நாளே மூடிவிட்டேனுங்க. பக்கத்துத் தோட்டத்தில் சின்னக் குழந்தைகள் இருந்தார்கள்" என்றார்.

கூட்டிப் போய் இடத்தைக் காட்டினார். அங்கே ஒரு வேப்ப மரம் நின்றது. கையோடு கொண்டுபோயிருந்த நோட்டில், அந்த வரிக்குப் பக்கத்தில் "மூடியாயிற்று" என்று எழுதினேன். அதற்கு அடுத்த வரி தாராபுரம் பக்கம் ஓர் ஊர், 640 அடி, ஈரம் இல்லை. வருகிற வியாழக்கிழமை அங்கே போகிறேன்.